பலிக்கு விட்ட பெயர்

என் வீட்டுக்காரர் பார்ப்பது பெயர் வைக்கிற வேலை. குழந்தைகளுக்கு இல்லை, கடைச் சாமான்களுக்கு. சோப்பு, மெத்தை, நாய் பிஸ்கட், முதுகுவலித் தைலம் என்று எதுவானாலும் தயாரித்தவர்கள் இவருடைய ஆபீசில் கொண்டுவந்து வைப்பார்கள். இங்கே நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கூரையைப் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு சொல்லைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இருக்கக் கூடாது என்பது பாதி நேரம் நிபந்தனை. அர்த்தமில்லாமல் பேச நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே, அதற்கு ஆபீஸ் எதற்கு என்று கல்யாணமான புதிதில் நான் கேலி செய்ததுண்டு. இப்போது கேலி செய்கிற நிலையில் இல்லை.

வீட்டுக்கு வந்தாலும் அதே பிழைப்புதான். நான் சமையலறையில் மிக்சியை ஓட விட வேண்டும். இவர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டு, கடைக்கு வந்த ஆள் மாதிரி கத்துவார். "அண்ணே, ஒரு சின்ன வாலாட்டி பாக்கெட் குடுங்க!" நான்தான் கடைக்காரர். மிக்சிச் சத்தத்தில் ஒரே தடவையில் எனக்கு விளங்கினால் பெயர் பாஸ். "என்னது?" என்று கேட்டுவிட்டேனோ, போச்சு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். வாலாட்டி முதல் தடவையிலேயே பாஸ் ஆனது. இன்றைக்கும் கடைகளில் அந்த நாய் பிஸ்கட் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வாயில் வரவில்லை. நான் உண்டானதிலிருந்து எத்தனையோ சொல்லிப் பார்த்தேன்.

"அது வலி மாத்திரை மாதிரி இருக்கு."

"சரி, இது?"

"சிமென்ட்டும்மா அது. மூட்டையில பெரிசா போட்டிருப்பான் பாரு."

எங்களோடு இருக்கிற அத்தை, அதாவது இவருடைய அம்மா, தன் பங்குக்கு ஒன்று சொன்னார். இவர் கண்ணை மூடி இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, "பெயிண்ட்" என்றார்.

"டேய், அது உங்க பெரியப்பா பேருடா!"

"இருக்கட்டும்மா. கேட்டா பெயிண்ட்தான் ஞாபகம் வருது."

அத்தை அன்றைக்கு இவரோடு பேசவே இல்லை.

அப்புறம் ஒருநாள், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். என்னால் குனிய முடியவில்லை. இவர் வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து கொடுக்க, நான் கொடியில் போட்டேன். ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டே, யோசிக்காமல், கூரையைப் பார்க்காமல், சும்மா அந்தப் பெயரைச் சொன்னார். சின்னப் பெயர். பெண்ணானாலும் பையனானாலும் பொருந்தும். நான் கையில் இருந்த கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். சத்தியமாக அழுதேன். ஊருக்கெல்லாம் விலைக்கு விற்கிற மனுஷன், வீட்டுக்கென்று ஒன்று கொடுத்தாரே என்றுதான்.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அந்தக் கம்பெனிக்கு ஓசி விளம்பரம்.

அன்றிலிருந்து வயிற்றுக்கு அதுதான் பெயர். காலையில் இவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது குனிந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டு "அப்பா போய்ட்டு வரேன்" என்பார். உள்ளே இருந்து ஒரு உதை விழும். அத்தைகூட பெரியப்பாவை மறந்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் தட்டில் இன்னொரு கரண்டி போடுவார். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாளெல்லாம் இருட்டறையில் நின்று, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று மற்றவர்களைக் கேட்பது என் வேலை. ஆள் மாறுகிற இடைவெளியில், இருட்டிலேயே வயிற்றைத் தொட்டு ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்வேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இனி, இவருடைய ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் விளங்காது.

வாடிக்கையாளர் முன்னால் எப்போதும் மூன்று பெயர்களைத்தான் வைப்பார்கள். ஒன்று, ஆபீஸ் விற்க நினைக்கிற பெயர். இன்னொன்று, ஆபத்தில்லாத பெயர். மூன்றாவது, பலியாடு. வெட்டுவதற்கென்றே கொண்டுவந்து நிறுத்துகிற பெயர். காசு கொடுக்கிறவருக்கு எதையாவது "சீ, இது வேண்டாம்" என்று தள்ளினால்தான் தானே முடிவெடுத்த மாதிரி ஒரு திருப்தி வருமாம். அதனால் சாமானுக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு பெயரைப் பலியாடாக விடுவார்கள். அதைத் தள்ளிய வேகத்தில் அவரும் ஆபீஸ் நினைத்த பெயருக்குத் தலையாட்டிவிடுவார். ஆட்டுக்கும் மற்ற இரண்டுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் உண்டு. அழகான எழுத்தில் அச்சடித்து, பாட்டிலில் ஒட்டி, துணி போட்டு மூடி வைப்பார்கள். இவருடைய முதலாளி விளக்கை மங்கலாக்கிவிட்டு, ஒவ்வொரு துணியையும் எடுக்கும் முன்னால் வாயைத் திறக்காமல் நிற்பார். அதனாலேயே ஆபீசில் அவருக்கு மௌனம் சார் என்று பட்டப்பெயர்.

ஒருநாள் மாலை இவர் ஆபீசிலிருந்து வந்தவுடன், சட்டையைக்கூட மாற்றாமல், நேரே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை.

"என்னங்க, என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமலா அந்தக் கரிச்சட்டியைத் தேய்க்கிறீங்க?"

திருதிருவென்று முழித்தார். பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு வந்த சாமான், கழுவுதொட்டிக் குழாயில் அடைப்பெடுக்கிற திரவம். முடி, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்புக் கட்டி என்று சாக்கடைக் குழாயில் எது அடைத்திருந்தாலும் கரைத்துத் தள்ளிவிடும். மூன்று பெயரும் தயாராகத்தான் இருந்தன. கடைசி நேரத்தில் பார்த்தால், பலியாடாக வைத்திருந்த பெயர் அந்த வாடிக்கையாளருடைய மாமியார் பெயராக இருந்தது. அதை வெட்டினாலும் வம்பு, வைத்தாலும் வம்பு. "ஏதாவது ஒண்ணு போடுப்பா, எப்படியும் வெட்டத்தான் போறோம்" என்று அவசரப்படுத்தினார் மௌனம் சார்.

"நீங்க?"

"நாக்குல அதுதான் இருந்தது."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்ததும் எட்டிக் குழாயை மூடினேன்.

"நம்ம பிள்ளை பேரையா ஆட்டுக்குப் போட்டீங்க?"

"கோவப்படாதம்மா, கேளு. எவ்வளவு மென்மையான பேரு அது! சாக்கடைக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? அவ்வளவு அழகா இருக்கறதாலதான் கண்டிப்பா தோத்துடும்னு நினைச்சேன். ஒரு வகையில அது பாராட்டுதான்."

"தோத்துதா?"

அவர் சட்டியை இன்னும் வேகமாகத் தேய்த்தார். துணியை எடுத்ததும் அந்த வாடிக்கையாளர் எழுந்து நின்று கைதட்டினாராம்.

நான் அன்றைக்குக் கத்திய கத்தலில் அத்தை டிவியை நிறுத்திவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டு முதலில் அவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பெற்ற மனசு அல்லவா, அரை மணியில் தேறிவிட்டார். "போனா போகுது விடு. என் பையன் வெச்ச பேரு கடைக்குக் கடை தொங்கும்" என்றார். பெயிண்டுக்காகப் பேசாமல் இருந்தவர், சாக்கடைக்குப் பெருமைப்பட்டார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. போய் அந்தப் பேரைத் திரும்பி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

பாவம், முயற்சி செய்யாமல் இல்லை. மறுநாள் மௌனம் சாரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் வழக்கம்போல் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, "கைதட்டின பேரைத் திரும்பி வாங்குறது நம்ம கம்பெனியில கிடையாதுப்பா. வேற பேரு யோசிக்கிறதா உனக்குக் கஷ்டம்?" என்றாராம்.

அடுத்து இவரே ஒரு தந்திரம் செய்தார். பெயரைக் கடைத்தெருவில் பரிசோதிக்கிறேன் என்று பெயர் ஒட்டிய பாட்டிலோடு கிளம்பி, வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "இந்தப் பெயரைக் கேட்டால் உங்களுக்குக் குழந்தை ஞாபகம் வருகிறதா, சாக்கடை ஞாபகம் வருகிறதா?" என்று கேட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் குழந்தை என்றார்கள். ஒரு அம்மா கன்னத்தைக் கிள்ளுவதுபோல் பாட்டிலைக் கிள்ளினாராம். வெற்றி வெற்றி என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினார், பெயர் பொருந்தவே இல்லை என்று நிரூபிக்க.

அடைப்புக்காரர், அந்த வாடிக்கையாளரை நான் அப்படித்தான் சொல்வேன், அதைக் கேட்டு இன்னும் ஒரு தடவை கைதட்டினார். "அதானே வேணும்! சாக்கடை மருந்து வாங்க வர்றவனுக்குச் சாக்கடையையா ஞாபகப்படுத்துறது? அவன் வீட்லயே அது நாறிட்டுத்தானே இருக்கு!" என்றாராம். அந்த வாரமே பெயரை ரெஜிஸ்டர் செய்ய ஆள் அனுப்பிவிட்டார்.

இவர் வந்து இதைச் சொல்லும்போது, குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது வேறொன்றைப் பார்த்து. வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் பூரிப்பும் இருந்தது. தான் வைத்த பெயர், அதுவும் ஆட்டுக்கு வைத்த பெயர், ஜெயித்துவிட்டதே என்று.

சரி, இனி இந்த மனுஷனை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று நானே கிளம்பினேன். இவரிடம் சொல்லவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறி அடைப்புக்காரர் ஆபீசுக்குப் போனேன்.

கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். தங்கமான மனுஷனாக இருந்து தொலைத்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து, தன்னுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்தார். மேஜைமேல் கண்ணாடியில் செய்த வளைந்த குழாய் ஒன்று நின்றது. அதற்குள் ஒரு கொத்து முடியும் பிசுக்கும் அடைத்திருந்தன. நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு மூடி ஊற்றிக் காட்டினார். கொஞ்ச நேரம் நுரைத்தது, அப்புறம் முடி கரைந்து, பளிச்சென்று தண்ணீர் இறங்கியது. "எப்படி?" என்றார். நல்ல சாமான்தான், அதில் குறை சொல்ல முடியாது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, தலையணை உறை, காலையில் விழுகிற உதை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால், எதிரே அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"அடடா, பச்சைக் குழந்தை பேராம்மா அது? அன்னைக்கே சொன்னேன், இந்தப் பேருல ஒரு உயிர் இருக்குன்னு. மத்த ரெண்டும் செத்த பேரு."

"அப்ப, குடுத்துடுங்களேன் சார். எங்களோட பேரு அது."

"இருந்ததும்மா" என்றார், ரொம்ப மரியாதையாக. "இப்ப ரெஜிஸ்டர் ஆயாச்சு. லேபிள் அச்சாகி வந்தாச்சு. வண்டியில எல்லாம்கூட எழுதியாச்சு. ஆனா நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. நானும் ரெண்டு பிள்ளை பெத்தவன்."

உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னார். டைப் அடித்த ஒரு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். என் குழந்தை மேற்படி பெயரைச் சொந்த உபயோகத்துக்கு வாழ்நாள் முழுவதும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது. துப்புரவுச் சாமான் தயாரிப்பில் மட்டும் குழந்தை இறங்கக் கூடாதாம்.

நான் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றேன். "ரொம்ப நன்றி சார்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்காக என்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது. காரில் ஏறிப் பார்த்தால், பின் சீட்டில் ஒரு பெட்டி நிறைய பாட்டில்கள். குழந்தைக்கு அவருடைய அன்பளிப்பு.

வீட்டில் இவர் அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வரிவரியாகப் படித்தார்.

"பரவாயில்லையே! பெரிய மனசும்மா அவருக்கு. வழக்கமா இதுக்கெல்லாம் ராயல்டி கேப்பாங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார்.

"ஏங்க, பெத்துக்கப்போற பிள்ளையோட பேருக்கு ஒரு சாக்கடைக்காரர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வந்து நிக்கிறேன். நீங்க ராயல்டி பேசறீங்களா?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேசாம இருங்க."

அன்று கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். வயிற்றில் கை வைத்து, எப்போதும்போல் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயர் வாயிலிருந்து வந்ததுமே அந்தக் கண்ணாடிக் குழாய்தான் கண்ணில் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். நுரை வந்தது. உள்ளே பாவம், அது எப்போதும்போல் உதைத்தது. அதற்கு என்ன தெரியும்? அந்த உதையைத் தாங்க முடியாமல்தான் அழுதேன். என் பிள்ளையைக் கூப்பிட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிட்டார்களே!

மறுநாள் காலையில் இவர் காபிக் கோப்பையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது.

"யோசிச்சுட்டேம்மா. புதுசா மூணு பேரு வெச்சிருக்கேன்."

"மூணா? அதுல ஆடு எது?"

கோப்பை கையிலேயே நின்றது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் இரங்கவில்லை. "இனிமே பேரு விஷயத்துல நீங்க வாயே திறக்கக் கூடாது. நான் பாத்துக்கறேன்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அதன்பிறகு வயிற்றைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டோம். ஊரெல்லாம் அந்தப் பெயர் ஏறியது. பஸ்ஸின் முதுகில், மளிகைக்கடைச் சுவரில், டிவியில் செய்திக்கு நடுவில். "அடைப்பா? கூப்பிடுங்கள்..." என்று ஒரு பெண் குரல் கொஞ்சிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லும். அத்தை சட்டென்று சேனலை மாற்றுவார். அவருக்கும் பெருமை எல்லாம் வடிந்துவிட்டது. எனக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சிக்னலில் எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது ஒரு லாரி. அதன் பக்கவாட்டு முழுவதும் அந்தப் பெயர்தான். இவர் எட்டி என் பக்கத்து ஜன்னலைத் தன் கையால் மறைத்துக்கொண்டார். சிக்னல் விழும்வரை கையை எடுக்கவே இல்லை. அந்த வலியிலும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இளகியது.

பெண் குழந்தை பிறந்தது. கறுகறுவென்று முடி, மூடிய கைகள், யாரையும் சட்டை செய்யாத தூக்கம். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, ஆஸ்பத்திரிப் பதிவுக்காக நர்ஸ் வந்து பெயர் கேட்டார். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார். எப்படி எழுதுவது என்று கேட்கவும் இல்லை. தொட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டையைச் சொருகிவிட்டுப் போனார்.

இவர் மருந்துப் பையோடு வந்து, குனிந்து அட்டையைப் படித்தார். உதடு அசைந்தது. பழக்கதோஷம், கண் தானாகக் கூரைக்குப் போனது. நான் முறைத்ததும் கீழே இறக்கிக்கொண்டார்.

"ரொம்ப சாதாரணமா இருக்கேம்மா" என்றார் மெதுவாக. "நம்ம தெருவுலயே நாலஞ்சு பேருக்கு இருக்குமே."

"இருக்கும்."

தொட்டில்மேல் குனிந்து, மகளை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "என்னங்க?" என்று பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார். கதவோரம் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவும் நிமிர்ந்தார். என் மகள் அசையவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இவர் அவர்கள் இரண்டு பேரிடமும் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் உண்மையான கவலை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, உன் இஷ்டம். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோ. ஊருல எல்லாருக்கும் இருக்கற பேரு இது. இதை யாராலயும் ரெஜிஸ்டர் பண்ணவே முடியாது."

"தெரியுங்க. அதுக்குத்தான் வெச்சேன்" என்றேன்.